ஆட்சியைப் பற்றிய கருத்தும் சேமிப்பைப் பற்றிய முடிவும்

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 54. கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 60 வயதில் ஓய்வு. 2017 முதல் 2023 மார்ச் வரை மாதம் 18,000 ரூபாய் வீதம் பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டுகளில் எஸ்ஐபி போட்டு வந்தேன். மத்திய அரசின் பொருளாதாரக் கொள்கைகளில் எனக்கு உடன்பாடு கிடையாது. பணமதிப்பு நீக்கம் வந்தபோதும் ஜிஎஸ்டி வந்தபோதும் எங்கள் பகுதியில் தறிகள் நின்றதைக் கண்ணால் பார்த்தவன் நான். 2024 தேர்தல் முடிவுக்குப் பிறகு சந்தை விழும் என்று நம்பி, மே 31 அன்று 22 லட்சம் ரூபாயையும் விற்று எடுத்து வங்கி வைப்பில் போட்டுவிட்டேன். ஜூன் 4 அன்று நான் சொன்னபடியே விழுந்தது. இன்னும் விழட்டும் என்று இருந்தேன். இன்றுவரை உள்ளே போகவில்லை. என் தம்பி நேர் எதிர்க் கட்சி. ஆட்சி தொடரும் என்று நம்பி ரயில்வே பொதுத்துறைப் பங்குகளை வாங்கினான், ஜூன் 3 அன்று சந்தை ஏறும் என்று பந்தயம் கட்டுவது போன்ற ஆப்ஷன் ஒப்பந்தமும் வாங்கினான். அவனுக்கும் நஷ்டம்தான். இப்போது என்னிடம் வைப்பில் 25 லட்சம், அஞ்சலகத்தில் 7 லட்சம், ஜவுளி நிறுவனப் பங்குகளில் 6 லட்சம் உள்ளன. இரண்டு ஆண்டுகளில் மகள் திருமணத்துக்கு 10 லட்சம் தேவை. நான் எப்போது திரும்ப நுழைவது? பட்ஜெட் முடியட்டுமா, அடுத்த தேர்தல் முடியட்டுமா? பிடிக்காத ஓர் ஆட்சியில் முதலீடு செய்வது முறையா? தொலைக்காட்சியில் அரசியலும் பொருளாதாரமும் பேசும் பெரிய முதலீட்டாளர்கள் சொல்வதைக் கேட்கலாமா?

– கரூர் வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அரசியல் கருத்து தவறு என்று சொல்லி இந்தப் பதிலைத் தொடங்கப் போவதில்லை. கரூரில் நீங்கள் கண்டது உண்மை. ரொக்கத்தில் கூலி கொடுத்து, ரொக்கத்தில் நூல் வாங்கி நடந்த சிறு தொழில்கள் 2016 நவம்பர் 8-க்குப் பிறகு பட்ட பாட்டை மேற்குத் தமிழகத்தில் தொழில் செய்கிற எவரும் மறுக்க மாட்டார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் அந்தச் சிரமத்திலிருந்து மீள ஆண்டுக்கணக்கில் ஆனது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது வேறொன்று: நீங்கள் கண்ணால் பார்க்கிற பொருளாதாரமும், சென்செக்ஸ், நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீடுகள் அளக்கிற பொருளாதாரமும் ஒன்றல்ல. முன்னதைப் பற்றிய உங்கள் கணிப்பு முழுவதும் சரியாக இருந்தாலும், பின்னதைப் பற்றிய உங்கள் கணிப்பு முழுவதும் தவறாகப் போகலாம். உங்கள் விஷயத்தில் நடந்ததும் அதுதான்.

2016-ஆம் ஆண்டு முடிவில் சென்செக்ஸ் 26,626-இல் இருந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி அமலுக்கு வந்தது. சிறு வணிகர்கள் மாதாந்திரப் படிவங்களோடு போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த 2017-ஆம் ஆண்டின் முடிவில் சென்செக்ஸ் 34,057. ஓராண்டில் 28 சதவீதம் உயர்வு. இதைப் பார்த்துவிட்டு ஒரு தரப்பு, “பாருங்கள், கொள்கை வெற்றி” என்றது; மறுதரப்பு, “சந்தை பொய் சொல்கிறது” என்றது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஒழுங்குபடுத்தப்படாத துறையில் ஒரு சிறு உற்பத்தியாளர் ஒதுங்கும்போது, அவரிடம் வாங்கியவர் பனியனோ பெயின்டோ பிஸ்கட்டோ வாங்குவதை நிறுத்திவிடுவதில்லை. பெயர் பெற்ற பெரிய நிறுவனத்திடம் வாங்கத் தொடங்குகிறார். அந்தப் பெரிய நிறுவனம்தான் சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஆக, தறிகள் நின்ற அதே காரணத்தாலேயே பட்டியலிட்ட சில நிறுவனங்களின் விற்பனை கூடியிருக்கலாம். உங்கள் ஊரின் வேதனையைச் சந்தை பிரதிபலிக்கவில்லை என்பதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. அதை அளப்பதற்காக அந்தக் குறியீடு உருவாக்கப்படவே இல்லை.

இதைவிடவும் அப்பட்டமான சான்று 2020-21 நிதியாண்டு. கொரோனாவால் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்கிய ஆண்டு அது. 2020 மார்ச் 31 அன்று 29,468-இல் இருந்த சென்செக்ஸ், 2021 மார்ச் 31 அன்று 49,509-இல் முடிந்தது. 68 சதவீத உயர்வு. 2020 நவம்பரில், சென்செக்ஸ் முதன்முறையாக 44,000-ஐத் தொட்ட அதே மாதத்தில்தான், உங்கள் கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி, டிபிஎஸ் வங்கியுடன் இணைக்கப்பட்டு, அதன் பங்குதாரர்களின் முதலீடு பூஜ்யமாக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அந்தப் பங்கை வைத்திருந்த குடும்பங்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அவர்களை அழித்தது எந்தத் தேர்தல் முடிவும் அல்ல. ஒரு வங்கியின் வாராக்கடனும், அதைத் தொடர்ந்து எடுக்கப்பட்ட இணைப்பு முடிவும்தான். சந்தை உச்சத்தில் இருக்கும்போதே ஒரு முதலீட்டாளர் எல்லாவற்றையும் இழக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். இதற்குக் கீழே திரும்ப வருகிறேன்.

தேர்தல் முடிவைச் சந்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இருபது ஆண்டு வரலாறு நம் கண்முன் இருக்கிறது. 2004 மே மாதம் வாஜ்பாய் அரசு தோற்று, இடதுசாரிகளின் ஆதரவோடு காங்கிரஸ் தலைமையில் ஆட்சி அமையப்போகிறது என்றதும், மே 17 திங்கட்கிழமை சென்செக்ஸ் ஒரே நாளில் 11 சதவீதம் விழுந்து 4,505-இல் முடிந்தது. இடையில் இரண்டு முறை வர்த்தகமே நிறுத்தப்பட்டது. சீர்திருத்தம் முடிந்தது, பொதுத்துறைப் பங்கு விற்பனை நின்றது என்று அன்று பேசாதவர் இல்லை. சந்தை அத்தனை அஞ்சிய அந்த ஆட்சியில்தான் 2008 ஜனவரிக்குள் சென்செக்ஸ் 20,000-ஐத் தாண்டியது. நான்கு மடங்குக்கும் மேல். பிறகு 2009 மே 18 அன்று நேர்மாறு: இடதுசாரிகளின் தயவு தேவைப்படாமல் மன்மோகன் சிங் அரசு திரும்பியது என்ற மகிழ்ச்சியில் சென்செக்ஸ் ஒரே நாளில் 17 சதவீதம் ஏறி 14,284 ஆனது. சந்தை கொண்டாடிய அந்த இரண்டாவது ஆட்சியில் என்ன நடந்தது? 2010 நவம்பரில் 21,000-ஐத் தொட்ட குறியீடு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அதைத் தாண்ட முடியாமல் தத்தளித்தது, விலைவாசி ஏறியது, 2ஜி உரிமங்கள் 122-ஐ உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, 2013 ஆகஸ்டில் ஒரு டாலர் 68 ரூபாயைத் தாண்டும் அளவுக்கு ரூபாய் மதிப்பு சரிந்தது.

இதிலிருந்து, சந்தை அஞ்சும் ஆட்சி நல்லது, சந்தை கொண்டாடும் ஆட்சி கெட்டது என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 2004 முதல் 2008 வரை உலகம் முழுவதும் பணப்புழக்கம் பெருகியது, வெளிநாட்டு முதலீடு கொட்டியது, வங்கிக் கடன் வேகமாக வளர்ந்தது. அன்று யார் ஆண்டிருந்தாலும் சந்தை ஏறியிருக்கும் என்பதே என் கருத்து. நம் தேர்தலில் வாக்களிக்காத காரணங்கள்தான் – அமெரிக்க வட்டி, கச்சா எண்ணெய் விலை, பருவமழை, நிறுவனங்களின் லாபம் – ஐந்தாண்டுக் கணக்கில் பார்த்தால் சந்தையைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. தேர்தல் முடிவு அன்றைய ஒரு நாளை உலுக்கும். அதற்கு மேல் அதன் பிடி தளர்ந்துவிடும்.

இப்போது உங்கள் 22 லட்சத்துக்கு வருவோம். நீங்கள் போட்டது ஏறத்தாழ 13 லட்சம். விற்றபோது 22 லட்சம். லாபம் 9 லட்சம். ஒரு லட்சம் விலக்கு போக, எட்டு லட்சத்துக்கு அன்றைய விகிதப்படி 10 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 83,200 ரூபாய் கட்டியிருப்பீர்கள். அதாவது உங்கள் மொத்தத் தொகையில் 3.8 சதவீதம். இந்த வரியின் பெரும்பகுதி என்றைக்காவது கட்டவேண்டியதுதான் என்றாலும், ஆறேழு ஆண்டுகள் முன்னதாகவே கையை விட்டுப் போய்விட்டது. நீங்கள் விற்ற மே 31 வெள்ளிக்கிழமை நிஃப்டி 22,530-இல் முடிந்தது. ஜூன் 1 மாலை கருத்துக்கணிப்புகள் ஆளும் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்றன. ஜூன் 3 திங்கட்கிழமை நிஃப்டி 23,263-க்கு ஏறியது. அன்று இரவு நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள். ஜூன் 4 அன்று பாஜகவுக்கு 240, கூட்டணிக்கு 293 என்று முடிவு வந்ததும் 6 சதவீதம் சரிந்து 21,884-இல் நின்றது. உங்கள் கணிப்பு பலித்த நாள் அது. ஆனால் நீங்கள் விற்ற நிலையிலிருந்து பார்த்தால் இறக்கம் 3 சதவீதம் கூட இல்லை. கட்டிய வரியை விடக் குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பங்கு சார்ந்த ஃபண்டை விற்றால் பணம் இரண்டு வேலை நாட்கள் கழித்துத்தான் வங்கிக் கணக்குக்கு வரும். வெள்ளியன்று விற்ற உங்களுக்கு அது வந்துசேர வேண்டிய நாளே செவ்வாய், ஜூன் 4. அன்றைய விலையில் யூனிட் வாங்கவேண்டுமானால் பிற்பகல் 3 மணிக்குள் பணம் ஃபண்டு நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். காலையிலிருந்து தொலைக்காட்சியில் சரிவு சரிவு என்று அலறிக்கொண்டிருக்கும்போது, கையில் அப்போதுதான் வந்த பணத்தை மூன்று மணிக்குள் திரும்பக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? உங்களுக்கு வரவில்லை, அது உங்கள் குறை அல்ல, அந்த முறையின் குறை. அடுத்த மூன்று வர்த்தக நாட்களில், ஜூன் 7 வெள்ளிக்கிழமை, நிஃப்டி 23,290-இல் முடிந்தது. சரிவுக்கு முந்தைய உச்சமும் கடந்துபோனது. செப்டம்பர் 26 அன்று 26,216.

பிறகும் சந்தை உங்களுக்கு வாய்ப்புக் கொடுத்தது. 2025 பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் நிஃப்டி 22,100-ஐ ஒட்டி வந்தது. ஏப்ரல் 7 அன்று, அமெரிக்க வரி அறிவிப்பின் அதிர்ச்சியில், 22,162-இல் முடிந்தது. நீங்கள் விற்ற விலைக்கும் கீழே. அப்போதும் நீங்கள் வாங்கவில்லை, ஏனென்றால் அப்போது வேறொரு அச்சம் இருந்தது. வெளியே வர ஒரு சரியான முடிவும், உள்ளே போக இன்னொரு சரியான முடிவும் வேண்டும். முதலாவது முடிவை எடுக்கவைத்த அதே அவநம்பிக்கைதான் இரண்டாவதை எடுக்கவிடாமல் தடுக்கிறது. ஆகவே “எப்போது நுழைவது” என்ற உங்கள் கேள்விக்கு, பட்ஜெட் என்றோ தேர்தல் என்றோ ஒரு நாளை நான் குறித்துக் கொடுத்தாலும், அந்த நாளில் இன்னொரு காரணம் உங்களைத் தடுக்கும்.

அப்படியானால் முதலீட்டாளர் அரசின் கொள்கையைப் பற்றியே கவலைப்படத் தேவையில்லையா? அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யார் ஆள்கிறார்கள் என்பதை விட, அரசின் ஒரு கையெழுத்து எந்த நிறுவனத்தின் எந்த வரவை எவ்வளவு மாற்றும் என்பதே முதலீட்டாளரின் கேள்வி. 2023 டிசம்பர் 7 அன்று மத்திய உணவுத்துறை, கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் தயாரிக்கக் கூடாது என்று ஆலைகளுக்கு உத்தரவிட்டது. எத்தனாலை நம்பிப் பெரும் கடன் வாங்கி வடிசாலைகள் கட்டிய நிறுவனங்களின் பங்குகள் அன்றே சரிந்தன. எத்தனால் கொள்கையை வளர்த்த அதே அரசுதான் அந்த உத்தரவையும் போட்டது. சர்க்கரை விலை ஏறிவிடும் என்ற கவலை அதற்கு. ஒரு வாரத்தில் ஓரளவு தளர்த்தியது, மறு ஆண்டு முழுவதும் நீக்கியது. 2022 மே 21 அன்று இரும்பு எஃகுப் பொருட்களுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. அடுத்த வர்த்தக நாளில் டாடா ஸ்டீல் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நவம்பரில் வரி விலக்கிக்கொள்ளப்பட்டது. 2019 நவம்பரில் பாரத் பெட்ரோலியத்தைத் தனியாருக்கு விற்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதை நம்பி வாங்கியவர்கள் இரண்டரை ஆண்டு காத்திருந்தபின், 2022 மே மாதம் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. இந்த மூன்றிலும் ஆட்சி மாறவில்லை. “இந்த அரசு இருக்கும்வரை கவலை இல்லை” என்று வாங்கியவர்கள்தான் அடிபட்டார்கள்.

உங்கள் தம்பியின் நிலை இதுவே. அவர் பார்த்த உண்மையும் உண்மைதான். மத்திய அரசின் மூலதனச் செலவு 2019-20-இல் ஏறத்தாழ 3.4 லட்சம் கோடி ரூபாய். 2024-25 பட்ஜெட்டில் அது 11.11 லட்சம் கோடி. ரயில் பாதைக்கும் பெட்டிக்கும் பணம் பாய்ந்ததை மறுக்க முடியாது. ஆனால் 2021 ஜனவரியில் 26 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட, ரயில்வேக்குக் கடன் திரட்டும் பொதுத்துறை நிறுவனமான ஐஆர்எஃப்சியின் பங்கு 2024 ஜூலையில் 200 ரூபாயைத் தாண்டி விற்றபோது, அடுத்த பல ஆண்டுகளின் செலவும் அதில் ஏற்கனவே சேர்ந்துவிட்டது. செலவு குறையவேண்டிய அவசியம் கூட இல்லை. எதிர்பார்த்த வேகத்தில் கூடாமல் போனாலே போதும். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதங்களில் அந்தப் பங்கும், ரயில் பாதை கட்டும் பொதுத்துறை நிறுவனமான ஆர்விஎன்எல்லின் பங்கும் பாதி விலைக்கு வந்தன. அவருடைய அரசியல் கணிப்பு பலித்தது, ஆட்சி தொடர்ந்தது, பணம் கரைந்தது. ஜூன் 3 அன்று கருத்துக்கணிப்பை நம்பி வாங்கிய அந்த ஆப்ஷனைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது. அவரிடம் அந்தக் கணக்கை மூடச் சொல்லுங்கள். அண்ணன் சொல்லிக் கேட்பார் என்றால் இதை ஒன்றையாவது சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே அச்சம் தந்த இடம், நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஆறு லட்ச ரூபாய் ஜவுளிப் பங்குகள். நீங்கள் சம்பளம் வாங்குவதும் ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில். சேமிப்பில் ஒரு பகுதியும் ஜவுளியில். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானபோது கரூரும் திருப்பூரும் என்ன பாடுபட்டன என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதே மாதம் மத்திய அரசு பருத்தி இறக்குமதிக்கான 11 சதவீத வரியைத் தற்காலிகமாக நீக்கியது. அது நூல் விலைக்கு ஆறுதல், ஆர்டர் போனதற்கு மாற்று அல்ல. 50 சதவீத வரி என்ற அந்த முடிவு வாஷிங்டனில் எடுக்கப்பட்டது. உங்கள் வாக்குக்கும், உங்கள் தம்பியின் வாக்குக்கும் அதில் இடமில்லை. ஆனால் அது உங்கள் சம்பளத்தையும், போனஸையும், பங்கு விலையையும் ஒரே நாளில் தாக்கக்கூடியது. தொழில் தெரிந்த துறையில் முதலீடு செய்வது நல்லது என்று பலர் சொல்வார்கள். சம்பளம் வரும் துறைக்கு அது பொருந்தாது. வேலை போகும் அபாயம் வரும்போதே சேமிப்பும் பாதியாகும் இடத்தில் பணத்தை வைக்கக் கூடாது. லட்சுமி விலாஸ் வங்கியில் வேலையும் பார்த்து, அதன் பங்கையும் வைத்திருந்த குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். ஏழாண்டு உழைப்பின் சேமிப்பை ஆட்சிக்குப் பயந்து வெளியே எடுத்த நீங்கள், உண்மையான ஆபத்து இருந்த இடத்தில் கை வைக்கவே இல்லை.

பிடிக்காத ஆட்சியில் முதலீடு செய்வது முறையா என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மனசாட்சியோடு கேட்கப்பட்ட கேள்வி அது. ஆனால் நிஃப்டி குறியீட்டு ஃபண்டில் நீங்கள் வாங்குவது அரசின் ஒரு பகுதியை அல்ல. வங்கிகள், மென்பொருள் நிறுவனங்கள், மருந்து நிறுவனங்கள், சோப்பும் தேயிலையும் விற்பவர்கள் என்று ஐம்பது நிறுவனங்களின் ஒரு சிறு துண்டை வாங்குகிறீர்கள். அவற்றில் பல, மூன்று நான்கு கட்சிகளின் ஆட்சிகளைப் பார்த்தவை. அரசுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பது எது தெரியுமா? உங்கள் அஞ்சலகச் சேமிப்பு ஏழு லட்சமும்தான். உங்கள் வைப்புத் தொகையிலும் ஒரு பகுதியை உங்கள் வங்கி அரசுக் கடன் பத்திரங்களில்தான் போட்டிருக்கும், சட்டம் அப்படி. ஆட்சியை எதிர்ப்பதற்காகப் பங்கிலிருந்து எடுத்து வைப்பில் போட்டவர், தெரியாமலே அரசுக்குக் கடன் கொடுத்தவர் ஆகிறார். எதிர்ப்பைக் காட்ட வாக்குச்சாவடி இருக்கிறது, தொழில் சங்கம் இருக்கிறது, பேச்சும் எழுத்தும் இருக்கின்றன. ஜவுளித் துறைக்கு என்ன கொள்கை வேண்டும் என்பதை உங்கள் சங்கத்தின் மூலம் உரக்கச் சொல்லுங்கள். சிறு தொழிலுக்கு ஜிஎஸ்டி திரும்பப் பெறுதல் தாமதமாவது அநியாயம் என்பது என் கருத்தும்கூட. அதைச் சொல்ல உங்கள் ஓய்வுக்கால நிதியைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

இனி செய்யவேண்டியது. மகள் திருமணத்துக்கான பத்து லட்சம் வைப்பிலேயே இருக்கட்டும். அதற்கு எந்தச் சந்தையும் வேண்டாம். ஏற்றுமதித் தொழில் தள்ளாடும் காலம் என்பதால் ஆறு மாதச் செலவுக்கு மூன்று லட்சத்தைத் தனியாக ஒதுக்குங்கள். உங்கள் மொத்தம் 38 லட்சத்தில் எஞ்சுவது 25 லட்சம். உங்கள் வயதுக்கும், ஓய்வுக்கு இருக்கும் ஆறு ஆண்டுகளுக்கும், ஒரு நாள் சரிவு உங்களை என்ன செய்கிறது என்று உங்கள் கடிதம் காட்டியதற்கும், இதில் பாதிக்கு மேல் பங்கில் வேண்டாம் என்பேன். அதாவது பன்னிரண்டரை லட்சம். ஜவுளிப் பங்குகளை ஒன்றேகால் லட்சத்துக்குக் குறையுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான ஆதாயத்துக்கு இப்போது வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம், ஆகவே மார்ச்சில் ஒரு பகுதியும் ஏப்ரலில் ஒரு பகுதியுமாக, இரண்டு நிதியாண்டுகளில் பிரித்து விற்றால் வரிச்சுமை குறையும்.

மீதி பதினொன்றேகால் லட்சத்தை மாதம் 75,000 வீதம் பதினைந்து மாதங்களில் ஒரு நிஃப்டி குறியீட்டு ஃபண்டுக்கும், பல அளவு நிறுவனங்களில் முதலீடு செய்யும் ஒரு ஃபண்டுக்கும் மாற்றுங்கள். ஜவுளிப் பங்கு விற்ற பணமே முதல் தவணைகளுக்கு ஆகும். முதிர்வுக்கு முன் வைப்பை உடைத்து அபராதம் கட்டவேண்டாம். முதிரும் வைப்புகளைக் குறுகியகாலக் கடன் பத்திரங்களில் பணம் வைக்கும் லிக்விட் ஃபண்டில் போட்டு, அங்கிருந்து எஸ்டிபி (ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தவணையாகப் பணத்தை மாற்றும் வசதி) மூலம் தானாகவே போகும்படி செய்யுங்கள். மொத்தமாக ஒரே நாளில் போடுவது கணக்குப்படி பல சமயங்களில் அதிக லாபம் தரக்கூடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் போட்ட மறுவாரம் ஒரு ஜூன் 4 வந்தால் நீங்கள் மறுபடியும் வெளியே ஓடிவிடுவீர்கள். அந்த இழப்பை ஒப்பிட்டால் தவணை முறையே உங்களுக்குப் பாதுகாப்பு.

ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் இரண்டாம் வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், திருமணப் பணத்தையும் அவசரப் பணத்தையும் விட்டுவிட்டு மீதியில் பங்கின் அளவு என்ன என்று பாருங்கள். 57 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் விற்று 50-க்குக் கொண்டுவாருங்கள். 43-க்குக் கீழே போயிருந்தால் வைப்பிலிருந்து எடுத்து வாங்குங்கள். சந்தை விழும்போது வாங்கவேண்டும் என்று 2024-இல் நீங்கள் விரும்பினீர்களே, அதை உங்கள் அரசியல் கணிப்பைக் கேட்காமலே இந்த ஏற்பாடு செய்துவிடும். உங்களுக்கு ஒரு கொள்கை மீது உறுதியான நம்பிக்கை வந்து, ஒரு துறையில் பணம் போட்டே ஆகவேண்டும் என்று தோன்றினால், மொத்தத்தில் 5 சதவீதம் அதற்கு எல்லை. உங்கள் நிலையில் அந்த ஒன்றேகால் லட்சம் ஜவுளிப் பங்கே அந்த எல்லையை நிரப்பிவிடுகிறது.

தொலைக்காட்சியில் பேசும் முதலீட்டாளர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர்களில் அறிவுள்ளவர்கள் உண்டு. பொருளாதாரக் கொள்கை பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டு நானும் சிந்திப்பதுண்டு. ஆனால் ஒருவர் ஓர் அரசைப் புகழும்போதும் இகழும்போதும், அந்தக் கருத்தால் எந்த நிறுவனத்தின் எந்த வரவு எவ்வளவு மாறும் என்று சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் நீங்கள் கேட்டது அரசியல் உரை. அதை அரசியல் உரையாக ரசியுங்கள். அவருக்கு ஐம்பது கோடியில் ஐந்து கோடி போனால் அடுத்த ஆண்டு திரும்ப வரும்; உங்களுக்கு இருபத்தைந்து லட்சத்தில் ஐந்து லட்சம் போனால் அது ஓய்வுக்காலத்தின் ஓராண்டுச் செலவு. அவர் பங்கின் பெயர் சொல்லிப் பரிந்துரை செய்தால், செபியில் பதிவு பெற்றவரா என்பதைச் செபியின் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொண்டு சரிபாருங்கள்.

பட்ஜெட்டைப் பொறுத்தவரை, 2020 பிப்ரவரி 1 அன்று சென்செக்ஸ் 988 புள்ளிகள் விழுந்தது. மறு ஆண்டு அதே நாளில் 2,300 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. 2024 ஜூலை 23 அன்று மூலதன ஆதாய வரியே உயர்த்தப்பட்டபோது பகலில் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் இறங்கி, மாலையில் 73 புள்ளிகள் குறைவில் முடிந்தது. இதில் எதை வைத்தும் முன்கூட்டியே விற்கவோ வாங்கவோ முடிந்திருக்காது. பட்ஜெட் அன்று நீங்கள் படிக்கவேண்டியவை மூன்றுதான்: மூலதன ஆதாய வரி மாறியதா, உங்கள் வருமான வரி அடுக்கு மாறியதா, பருத்திக்கும் ஜவுளிக்கும் சுங்க வரி மாறியதா. முதலிரண்டும் நீங்கள் எப்போது, எவ்வளவு விற்பது என்பதை மாற்றும். மூன்றாவது உங்கள் நிறுவனத்தை எப்படிப் பாதிக்கும் என்பதை எந்த நிபுணரையும் விட நீங்களே நன்றாகக் கணக்கிடுவீர்கள். எஸ்டிபி தவணை பட்ஜெட் நாளில் விழுந்தால் அன்றைக்கும் போகட்டும், வாக்கு எண்ணும் நாளில் விழுந்தால் அன்றைக்கும் போகட்டும். அதை நிறுத்தச் சொல்லும் விண்ணப்பத்தை மட்டும் அந்த வாரத்தில் கையெழுத்திட வேண்டாம்.